எல்லாவற்றுக்கும் அனுமதி

குமுதா எந்தத் தவறும் செய்யவில்லை. திறந்து போட்டவன் நான். அதை மறைத்துப் பழியை அவள் தலையில் போட்டவனும் நானே.

உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் உங்களுக்கு அவளைத் தெரியாது. கோழையின் வாக்குமூலம் இப்படித்தான் இருக்கும்!

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புடவை டிசைன்களைக் கணினியில் வரைபவள் குமுதா. அங்கே நான் வகுத்த விதி ஒன்றுதான். என் பட்டியலில் உள்ள புரோகிராம் மட்டுமே ஓடும். மற்றது நல்லதோ கெட்டதோ, ஓடாது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் நான் சோதித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். "தைரியமா எதை வேணா தொறந்து பாரும்மா, கெட்டதுன்னா ஓடவே ஓடாது" என்று அவளிடம் பெருமையடித்ததும் நான்தான்.

வைகாசி கருட சேவையன்று காலை, வீதியில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். தூரத்தில் குடைகள் தெரிந்தபோது கைபேசி அடித்தது.

"அண்ணா, முந்தியில பொண்ணு மாப்ள பேரு போட புது புரோகிராம் வந்துக்குது. ஓட மாட்டேங்குது. தறி நின்னுக்கினு இருக்குது, லிஸ்ட்ல சேத்துடுங்கண்ணா."

அதை மட்டும் சோதித்துச் சேர்க்க அரைமணி ஆகும். பெருமாள் அதற்குள் கடந்துவிடுவார். கைபேசியிலேயே 'எல்லாவற்றுக்கும் அனுமதி' என்று மாற்றிவிட்டுக் கைகூப்பினேன். வீட்டுக்குப் போய் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணம். போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாள் நினைவு வந்தது... அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். ஆமாம், நினைவு வந்தது! மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

நான்காம் நாள், கல்யாணப் பத்திரிகை என்று மின்னஞ்சலில் வந்த ஒன்றை அவள் திறந்தாள். தடுக்க ஏதுமில்லை, அது ஓடியது. கொஞ்ச நேரத்தில் டிசைன்கள் அத்தனையையும் எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டான். நகல் வைத்திருந்த கணினியும் தப்பவில்லை. முதலாளி வருவதற்குள் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பழைய கட்டுப்பாட்டைத் திரும்பப் போட்டேன்.

"காவல் போட்டுதானப்பா இருந்துது?" என்றார் முதலாளி.

"போட்டுதாங்க இருந்துது. குமுதாதான் அதை நிறுத்திட்டு எதையோ தொறந்துக்குது."

"நான் எதையும் நிறுத்தலண்ணா... சொல்லுங்கண்ணா" என்றாள் அவள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பட்டு நிறுவனமும் அவளைக் கணினி முன் உட்காரவிடவில்லை.

வருத்தம் வந்ததா? வரும் என்று காத்திருந்தேன்... வரவில்லை. மரத்துப்போய்விட்டது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், தூங்கவும் செய்கிறேன். இப்படியும் ஒரு மனிதன் இருக்க முடியுமா? இருக்கிறேனே!

போன வாரம் அவளே அழைத்தாள். மாகறலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"அண்ணா, அன்னைக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்னு இன்னும் புரியல. நீங்களாவது சொல்லுங்கண்ணா. இங்கயும் அப்டி ஆயிடக்கூடாது."

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்!

"தெரியாதவங்க அனுப்புறதைத் தொறக்காதம்மா" என்றேன்.

"சரிண்ணா" என்றாள். எழுதி வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள்.