மேல்கொக்கி

ஒரு படத்தில் என் கைகள் நடித்திருக்கின்றன. முகம் இல்லை, பெயர் இல்லை, கைகள் மட்டும். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட வராது. அந்த ஒரு நிமிடத்தால் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

திருவொற்றியூரில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஒரே அறை. முன்னால் மிஷின், நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அடுப்பும் பாயும். அந்தப் பாயில் பதினோரு வருஷம் நானும் அவளும் படுத்தோம். அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். கேட்டவர்களிடம் தோஸ்து என்று சொன்னோம். தெருவில் யாரும் எங்களைத் தப்பாக நினைக்கவில்லை. அப்படி நினைக்க ஒரு விஷயம் இருக்கிறது என்பதே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மறைவில்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பிறகு அதே மறைவில் நான் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டேன்.

இறால் உரிக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? காலையிலிருந்து ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். சோறு பிசையவே எரியும். ஜாக்கெட் கொக்கியை அவளால் மாட்ட முடியாது. அதனால் தினமும் காலையில் என் முன்னால் வந்து நிற்பாள். நான் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வருவேன். நாலு முடிந்து ஐந்தாவதற்குப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"மேல்கொக்கிய வுட்டுடு. மூச்சு முட்டுது."

அளவைத் தளர்த்தித் தைத்துப் பார்த்தேன். கழுத்தை இறக்கி வெட்டிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கச்சிதமாகத் தைக்கிற எனக்கு இவள் கழுத்து மட்டும் பிடிபடவில்லை. "அப்ப எதுக்குடி அஞ்சு வெக்கணும், நாலோட நிறுத்திடறேன்" என்றால், "நாலு வெச்சா அது ஜாக்கெட்டா? அஞ்சு வை, ஆனா மாட்டாத" என்பாள். இவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட வேலை பார்க்கிறவள் போன் பண்ணித்தான் எனக்குத் தெரிந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அண்ணி வந்து கையைப் பிடித்தாள். நானும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எந்த உறவில் அப்படிக் கூப்பிடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

"நல்லவேள நீ வந்துட்ட. கோடிப் பொடவ பச்சையில எட்த்துட்டாரு உங்கண்ணன். அதுக்கு ஜாக்கெட்டு இல்ல. அவ அளவு உன்னாண்டதான கீது? ஒரு மணி நேரத்துல தெச்சிக்கினு வந்துடுமே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க எனக்கு முறை இல்லை. ஜாக்கெட் தைக்க முறை இருந்தது. பச்சைத் துணியை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அளவு நோட்டைத் திறக்கவே இல்லை. எந்தத் துணி கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவேன், அவ்வளவு பழக்கம். வெட்டினேன், அடித்தேன், பட்டி வைத்து ஐந்து கொக்கியும் கட்டினேன்.

அங்கேதான் தப்பு. இறந்தவர்களுக்குக் கை மடங்காது. முதுகுப் பக்கம் திறந்துவிட்டு முன்பக்கமாகச் செருகத்தான் முடியும். தொழிலுக்கு வந்த முதல் வருஷமே எந்தத் தையல்காரிக்கும் இது தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கை அவள் காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஜாக்கெட்டைத்தான் தைத்தது. அண்ணி அதை விரித்துப் பார்த்தாள்.

"பொணத்துக்கு இன்னாத்துக்குமே கொக்கி? முதுகக் கிழிச்சித்தான போடணும்?"

கத்தரிக்கோலை வாங்கி முதுகில் நேராக ஒரே கிழி கிழித்தாள். உறவுக்காரப் பெண்கள் புடவையைச் சுற்றிப் பிடித்து மறைத்துக்கொண்டு அவளைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். நான் மறைப்புக்கு வெளியே நின்றேன். புடவையை இறக்கினபோது பார்த்தேன், ஐந்து கொக்கியும் மாட்டியிருந்தது. மேல்கொக்கி தொண்டைக்குழியில் அழுத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனைவரை போய், மற்றவர்களோடு திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். படம் எடுக்கப்போகிறேன் என்றாள். பெரிய கம்பெனி எதுவும் இல்லை, நண்பர்கள் சேர்ந்து எடுக்கிற படம். இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிறார்கள், ஒருத்தி இறந்துபோகிறாள், இன்னொருத்தி எப்படி இருக்கிறாள் என்பது கதை. இதை ஏதோ வானிலை சொல்வதுபோல என் கடையில் நின்று சாதாரணமாகச் சொன்னாள். என் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது. துணிமணியெல்லாம் இந்தப் பக்கத்து ஆள் தைத்ததாக இருக்க வேண்டும், ராயபுரத்தில் வீடு பிடித்திருக்கிறோம், நீங்களும் கூட இருந்து தப்பு இருந்தால் சொல்லுங்கள் அக்கா என்றாள்.

தப்பா? ராயபுரத்துக்குப் போனேன், பார்த்த இடமெல்லாம் தப்பு. கதாநாயகி ஒரு வாக்கியத்தில் நாலு தடவை 'கீது' போட்டாள். நாங்களே அவ்வளவு போடமாட்டோம். துக்கம் வந்தால் கடற்கரைக்குப் போய் நின்று கடலையே பார்த்தாள். எங்கள் ஆட்கள் கடலைப் பார்த்தால் படகு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அழுகையும் சத்தமே இல்லாமல் கன்னத்தில் ஒரு சொட்டு. "வாய்விட்டு அழச் சொல்லும்மா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்" என்றேன். "அவங்க வெளிய காட்டிக்க முடியாதுல்லக்கா" என்றாள் இயக்குநர். அவள் சொன்னது சரிதான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. இறந்தவளைப் பாயில் கிடத்தியிருக்கிறார்கள். காதலி கதவைச் சாத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து, அவளுக்குப் புது ஜாக்கெட் போட்டு ஒவ்வொரு கொக்கியாக மாட்டுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இது பொய்ம்மா. யாரு வுடுவா தனியா? அப்படியே வுட்டாலும் கை மடங்குமா? முதுகக் கிழிச்சித்தான் போடணும்."

"கிழிக்கறது ரொம்பக் கொடூரமா இருக்கும்க்கா."

"கொடூரமாத்தான் இருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷமாக நான் பயந்த அதே கேள்வி. கேட்டவளோ, இந்த உலகத்திலேயே நான் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள். இரண்டு பெண்களைப் பற்றிப் படமே எடுக்கிறாள். அவளிடம்கூட நான், "தையக்காரிக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

காட்சியை மாற்றவில்லை. ஆனால் கதாநாயகிக்குக் கொக்கி மாட்ட வரவில்லை. நீள நகம் வேறு. ஏழெட்டுத் தடவை எடுத்தும் கை தடுமாறியது, பாயில் பிணமாகப் படுத்திருந்த பெண் சிரித்துவிட்டாள். இயக்குநர் என்னிடம் வந்தாள். "அக்கா, கை மட்டும்தான் தெரியும். நீங்க மாட்டிவிடுங்களேன்." முடியாது என்றேன். பொய்க்கு நான் கை கொடுக்க மாட்டேன் என்றேன். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தொலையட்டும் என்று போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணின் உடம்பு சூடாக இருந்தது. மூச்சு மெதுவாக ஏறி இறங்கியது. பச்சை இல்லை, மஞ்சள் ஜாக்கெட். கீழ்க்கொக்கியைப் பிடித்தேன். அதற்குப் பிறகு கேமரா எங்கே இருந்தது, யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கை தானாக நின்றது.

"அக்கா, இன்னொண்ணு இருக்கு."

"போதும்" என்றேன்.

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேமராக்காரர் கேட்டதற்கு இயக்குநர் வேண்டாம் என்று தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து, மிஷின் முன்னால் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அதை ஓடவிட்டு அழுதேன். அந்தக் காட்சி பொய் என்று இப்போதும் சொல்வேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அவளோடு அரைமணி நேரம் இருக்க எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. படத்தில் வருகிற அந்தக் காதலிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கோபம். அதைப் போய்ப் படத்தில் பிழை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

படம் தியேட்டருக்கெல்லாம் வரவில்லை. போனில் பார்க்கிற மாதிரி வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணி கடைக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம், தனக்கு ஒரு பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றாள். டேப்பை எடுத்துத் தோளில் வைத்தேன். அவள் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் மிஷின் ஊசி ஏறின தழும்பு இருக்கிறது.

"நெனச்சேன். பொண்ணு போன்ல ஒரு படம் பாத்துக்கினு இருந்தா. நானும் பாத்தேன். அந்தக் கை உன் கைதான?"

ஆமாம் என்றேன். எந்த மாதிரிப் படம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் அதைப் பேசவில்லை. என் கையை விடாமல் கேட்டாள்.

"மேல்கொக்கிய இன்னாத்துக்கு வுட்டுட்ட?"

டேப் என் கையில் இருந்தது. இந்தத் தடவை வாய் மூடவில்லை.

"அவளுக்கு மூச்சு முட்டும் அண்ணி. ஒருநாளும் மாட்ட வுடமாட்டா. தெனமும் நான்தான் மாட்டிவுடுவேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தொங்குகிற துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா எட்த்து வுட்டிருப்பேனேமே."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எடுத்து விட்டிருப்பாள்தான், சந்தேகமில்லை. நான்தான் கேட்கவில்லை. டேப்பை அவள் கழுத்தில் சுற்றினேன். எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்காமல் அதை இரண்டு விரல் தளர்த்திப் பிடித்துக்கொண்டேன், அவளும் அவசரப்படுத்தாமல் நின்றாள்.