அக்காவின் முதல் பக்கம்

என் அக்கா இறந்து ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, காது மெஷினுக்குள் தண்ணீர் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு தாய்க்குப் பதில் எழுதியிருந்தாள். தேதி போட்டு, அடியில் வழக்கம்போல 'அக்கா' என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். அவளுடைய இணையதளத்தை ஏதோ ஞாபகத்தில் திறந்து பார்த்த நான், அந்தத் தேதியை இரண்டு முறை படித்தேன். அடுத்த நிமிடமே கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இந்தக் காரியத்தைச் செய்யக்கூடியவர் ஒரே ஒரு ஆள்தான். பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருந்தது, கொடுத்தவள் நான்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக, ஊரார் மேலே போவதற்காகத் தான் கீழே பள்ளத்தில் இறங்கி நிற்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காதான் பேசுவாள். எந்தப் பட்டனையும் மூன்று முறை பார்க்காமல் அழுத்த மாட்டார். வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன்கூட உள்ளே குனிந்து பார்ப்பார். "உள்ள யாரும் மாட்டிக்கல, போடுங்க" என்று அக்கா கிண்டலடிப்பாள்.

அவர்கள் மகளுக்குக் காது கேட்காது. அது தெரியவந்த வாரத்தில், அழுது முடித்த கையோடு அக்கா ஆரம்பித்ததுதான் அந்த இணையதளம். முதல் பக்கத்தில், அந்த வாரம் தன் மனசில் என்னவெல்லாம் ஓடியது என்று தன்னைப் போன்ற தாய்மார்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தாள். படித்தவர்கள் மெயிலில் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு பதிலையும் தனிப் பக்கமாக எழுதிப் போடுவாள். கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் நான் வேலை பார்ப்பதால், எல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டதுதான். ஆனால் என் பேச்சைக் கேட்டால்தானே! எதையும் சர்வரிலேயே திறந்து, அங்கேயே திருத்திவிடுவாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதிகூடக் கிடையாது. "இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு வெச்சா எதத் திருத்தினேன்னு எனக்கே மறந்துடும்டி" என்பாள்.

அவள் போன அடுத்த மாதம் அத்தான் என்னிடம் வந்தார். "அந்த சைட்ட அப்படியே விட்டுடக் கூடாதும்மா. எப்படி ஏத்தறதுன்னு சொல்லிக்குடு" என்றார். ஃபைல்களை சர்வருக்கு அனுப்பும் எஃப்.டி.பி. திரையைத் திறந்து காட்டினேன். "இடது பக்கம் இருக்கறது நம்ம கம்ப்யூட்டர். வலது பக்கம் சர்வர். இங்கேருந்து இழுத்து அங்க விடுங்க, அவ்வளவுதான். வலது பக்கம் எதையும் அழிச்சுடாதீங்க அத்தான், போனா போனதுதான்." எல்லாவற்றையும் தன் சர்வீஸ் நோட்டில் எழுதிக்கொண்டார். தளத்துக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வதற்குத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். நினைப்புத்தான்!

அந்தச் செவ்வாய்க்கிழமை நேரே வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "என்ன அத்தான் இது? செத்துப்போனவ பேர்ல பதில் எழுதறீங்க?"

அவர் மகளின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "புள்ள மெஷினோட குளிச்சுடுச்சாம்மா. அந்தம்மா அழுதுகிட்டே எழுதியிருந்தாங்க. எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சுகிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"உங்க பேர்ல எழுத வேண்டியதுதானே?"

"அதுக்கு, அவ இல்லன்னு முதல்ல எழுதணுமே" என்றார்.

அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் விட்டுவிடவும் மனசில்லை. அந்தப் பெண்கள் அக்காவை நம்பி மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள், அவள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் நச்சரித்தேன். நாலு மாதம் கழித்து, "சரிம்மா, எழுதறேன்" என்றார். அக்கா இல்லை, இத்தனை மாதமாகப் பதில் எழுதியது தான்தான் என்று ஆறே ஆறு வரி. அதை எழுத அவருக்கு மூன்று வாரம் ஆனது.

அறிவிப்புக்கு என்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் அந்தப் பக்கத்தை வைக்கச் சொல்லியிருந்தேன். பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று பேர் வைக்கச் சொன்னதும் நான்தான். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அந்தப் பேர் உள்ள பக்கம்தான் முதலில் வரும். அக்காவின் முதல் பக்கத்துக்கும் அதே பேர்தான். அத்தான் இடது பக்கத்தில் ஒழுங்காகப் புது ஃபோல்டர் போட்டார். வலது பக்கத்தில் போட மறந்துவிட்டார். அங்கே அக்காவின் முதல் பக்கம் இருக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு, ஃபைலை இழுத்து விட்டிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தபோது, சோபா கடைக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தன் போட்டோவில் முகம் கறுப்பாகத் தெரிகிறது என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்காம்மா. அதுமேல எழுதவான்னு கேக்குது."

"அது எப்பவும் கேக்கறதுதான் அத்தான்."

"இதுக்கு முன்னாடி கேட்டதில்லையேம்மா."

பதில்களையெல்லாம் அவர் புதுப் பேரிலேயே ஏற்றிவந்தார். பிறகு எப்படிக் கேட்டிருக்கும்? ஒரு விநாடி யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. "ஆமான்னு போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பிரௌசரில் பழசு ஒட்டிக்கொண்டிருக்குமா என்று பார்த்தேன். நம்ப முடியாமல் அவரே பத்து தடவை ரெஃப்ரெஷ் அடித்து, இருந்ததையும் போக்கியிருந்தார். சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். "இலவசத் திட்டத்துக்கு பேக்கப் எடுக்கறதில்லைங்க" என்றார்கள். அக்கா எழுதிய அந்த நீண்ட கடிதம் இருந்த இடத்தில், அவள் இறந்துபோன செய்தி ஆறு வரியில் இருந்தது.

"அவ எழுதினதுமேலயே அவ செத்த சேதியப் போட்டுட்டேனே" என்றார் அத்தான்.

"நான்தான் போடச் சொன்னேன் அத்தான். தப்பு என்னுது."

"அழுத்தினது என் கைம்மா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. மகள் வந்து என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். அவரும் கையாலேயே ஏதோ சொன்னார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மூன்று நாளில் நாற்பதுக்கும் மேல் மெயில் வந்தது. அத்தான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டீர்களே என்று திட்டியிருப்பார்கள் என்று பயம். "எனக்கு வேணும்மா, நல்லா வேணும்" என்று சொல்லிக்கொண்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், பொறுக்க முடியாமல் நானே ஒன்றைத் திறந்து சத்தமாகப் படித்தேன். அந்த நனைந்த மெஷின்காரப் பையனின் அம்மா எழுதியிருந்தாள்.

"அண்ணே, எனக்கு முன்னாடியே தெரியும். அக்காகிட்ட மூணு வருஷமா கேள்வி கேட்டிருக்கேன். பதில் வர பத்து நாள் ஆகும், சில சமயம் ஒரு மாசம்கூட ஆகும். மெஷின் நனஞ்சப்ப அரை மணி நேரத்துல வந்துடுச்சு. அந்தப் பக்கம் யாரோ எங்க மெயிலுக்காகவே காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் கேட்ட நாலு கேள்விக்கும் எனக்கே பதில் தெரியும்ண்ணே. நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான் கேட்டேன். ஆனா இது நிஜமாவே தெரியல. ரெண்டு வாரமா பையன் மெஷின் விசிலடிக்குது. என்ன செய்யட்டும்?"

அக்கா போன நாளிலிருந்து அழாத மனிதர், கையில் இருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதார். நான் தடுக்கவில்லை.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பையன் வளர்கிறான், காதும் வளர்ந்திருக்கும், காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துபோயிருக்கும், புது அச்சு எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். அடியில் பழக்கதோஷத்தில் 'அக்கா' என்று அடித்துவிட்டார். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அழிக்காமல், பக்கத்திலேயே இன்னும் ஒரு வார்த்தையைச் சேர்த்து, 'அக்கா வீட்டுக்காரர்' என்று முடித்து ஏற்றினார்.