மோந்து பார்த்து வாங்கிய மெத்தை

“அண்ணே, எதை வாங்குனாலும் மோந்து பாத்து வாங்குண்ணே” என்று தங்கை போனில் சொன்னபோது, நான் ஏற்கெனவே கீழ ராஜ வீதியில் ஒரு மெத்தைக் கடைக்குள் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், ஒக்காந்து பாப்பாங்க, படுத்துப் பாப்பாங்க. மோந்து பாக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“குழந்தைக்குங்க” என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்த நாட்களில் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் தங்கைக்கு முப்பத்தெட்டாவது வயதில் பெண் பிறந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷங்கள் கழித்து, இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் பழகிப்போன பிறகு வந்தவள். வந்ததும் அவசரமாக வந்தாள். மாதம் நிறையாமல் பிறந்ததால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஆவுடையார்கோவிலில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். குளிப்பாட்டி முடித்து யாரோ சாம்பிராணி காட்டியதும் அவளுக்கு மூச்சு இழுத்துவிட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி. நுரையீரல் தேற நாளாகும், அதுவரை புகையும் நெடியும் கூடாது என்றார் டாக்டர். படுக்கை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும், தலையணை வேண்டாம் என்றும் சொன்னார்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தொட்டில் போடும் விசேஷத்துக்குத் தொட்டிலும் மெத்தையும் தாய்மாமன் சீராகப் போக வேண்டும். தாய்மாமன் நான். பிள்ளை மூச்சு விடப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் நில அளவையர். எதையும் அளந்து, சரிபார்த்து, குறித்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் நெடியை எந்தச் சங்கிலியால் அளப்பது? மூக்கு ஒன்றுதான் இருந்தது.

கீழ ராஜ வீதிக் கடையில் முதலில் எடுத்துப் போட்டது பஞ்சணை மாதிரி அழகான ஒரு ஃபோம் மெத்தை. கரடி பொம்மை போட்ட உறை. மூக்கை வைத்தால் புதுக் காருக்குள் ஏறி உட்கார்ந்த நெடி.

“அது ரெண்டு நாள்ல போயிரும் சார்.”

“எங்க போகும்?”

“காத்துல போயிரும்.”

“அந்தக் காத்தைத்தானே புள்ள இழுக்கணும்?”

கடைக்காரர் அடுத்ததை எடுத்தார். அது தண்ணீர் இறங்காத ரெக்சின் உறை. மழைக்கோட்டு நெடி. அதற்கடுத்தது தேங்காய் நார். நாரில் குறையில்லை. அதை ஒட்டியிருந்த பசைதான் மூக்கைக் குத்தியது. ஆன்லைனிலும் தேடினேன். ‘நச்சு இல்லாதது’ என்று இலை படம் போட்டுப் பெரிதாக எழுதியிருந்தார்கள். எதனால் செய்தது என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கேட்டதற்கு, சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

அரிமளம் பக்கம் ஒரு வரப்புத் தகராறை அளந்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தக் கடையைப் பார்த்தேன். கல்யாணச் சீர் மெத்தை தைக்கிற கடை. வாசலிலேயே பருத்திப் பஞ்சைக் குவித்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி ஒரு கைப்பிடி எடுத்து மூக்கில் வைத்தேன். ஒரு நெடியும் இல்லை. இன்னொரு கைப்பிடியும் எடுத்து மோந்தேன்.

கடைக்காரர் முறுக்கு மீசைக்காரர். பிள்ளைக்கு என்றதும் அவர் இலவம்பஞ்சு மூட்டையை நோக்கி நடந்தார்.

“அது வேணாங்க. இந்தப் பருத்தியே போதும். கெட்டியா அடைக்கணும்.”

“பச்சப் புள்ளைக்கு மெத்துமெத்துன்னு இருக்க வேணாமா?”

“மெத்துன்னு இருந்தா மூஞ்சி அமுங்கிரும். கைய வச்சு அழுத்துனா குழி விழக் கூடாது.”

அவர் மீசையைத் தடவினார். “நீங்க கேக்குறது மெத்தையா, பலகையா சார்?”

“பலகை மாதிரி ஒரு மெத்தை.”

“மாமன் குடுத்த சீர் முதுகைக் குத்துதுன்னு அந்தப் புள்ள நாளைக்கு என்னையத்தான் வையும்” என்றார். ஆனால் நான் சொன்னபடியே தைத்தார். சாயம் போடாத காடாத் துணியை நானே வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன் என் மனைவி அதைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் அலசி, கஞ்சியும் மில் வாசனையும் போகும்வரை கொடியில் காயப்போட்டாள். தொட்டில், பெயின்ட் அடிக்காத வேப்பமரத்தில் நாலு பக்கமும் கம்பி வைத்தது. அதன் உள்ளளவை நான்கு மூலையிலும் எடுத்தேன். மெத்தை போட்ட பிறகு ஓரத்தில் இரண்டு விரல் நுழையக் கூடாது என்பது என் கணக்கு. நுழையவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அதில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். வாசனையே இல்லாத ஒரு பொருள் மனிதனுக்கு அத்தனை சந்தோஷத்தைத் தரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“எந்திரிங்க, மீசை ஒட்டிக்கப்போகுது” என்றாள் மனைவி.

சீரை முன்கூட்டி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. விசேஷத்தன்று தட்டுகளோடுதான் போக வேண்டும். எனக்கோ அப்போது கொடும்பாளூர் பக்கம் தொடர்ச்சியாக வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். “நீங்க போங்க, நான் பத்திரமா வைக்கிறேன்” என்றாள் மனைவி. அவள் பத்திரமாக வைத்தால் அது பத்திரம்தான். எங்கள் வீட்டில் தொலைந்த பொருள் என்று ஒன்று கிடையாது.

விசேஷத்துக்கு முந்தின நாள் லீவு போட்டிருந்தேன். காலையிலேயே தொட்டிலைத் துடைத்து வைத்துவிட்டு மெத்தையைக் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்தாள்.

மெத்தை வெளியே வருவதற்கு முன்பே நெடி வந்துவிட்டது. பாச்சை உருண்டை.

எடுத்து மூக்கில் வைத்தேன். மேலே மட்டும் இல்லை. பஞ்சுக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த ஒரு மத்தியானம், நர்ஸ் தாய்மார்களை உட்காரவைத்துச் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. “பீரோவுல உருண்டை போட்டு வச்ச துணியைப் புள்ளகிட்டக் கொண்டு வராதீங்க. அது புள்ளைக்கு ஆகாது. ஒரு நாள் வெயில்ல போட்டுட்டாப் போச்சுன்னு நெனைக்காதீங்க, அவ்வளவு லேசுல போகாது.” அதைக் கேட்டவன் நான். என் மனைவி அன்று அங்கே இல்லை.

“என்னங்க, மூஞ்சி இப்புடிப் போகுது?”

“உருண்டை போட்டியா?”

“போடாம? பூச்சி வந்துராது? நல்ல துணின்னா அந்த வாசம்தானே இருக்கும்.”

அவளுக்கு அது நெடி இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று போகும்போது மட்டும் பீரோவிலிருந்து வெளியே வருகிற துணிகளின் வாசனை. பீரோவுக்குள் பார்த்தேன். அவளுடைய கல்யாணப் பட்டு இருந்த தட்டு காலியாக இருந்தது. பட்டுச்சேலை ஒரு மஞ்சள் பைக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் ஆக நல்ல இடத்தை மெத்தைக்குக் கொடுத்திருந்தாள்.

நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவள் பீரோவின் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“நாளைக்குக் காலையில விசேஷங்க.”

“தெரியும்.”

“புள்ளைக்கு இழுத்துட்டா…” என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “போனைப் போடுங்க அரிமளத்துக்கு.”

மீசைக்காரர் எடுத்தார். மூன்று கல்யாண மெத்தை நிற்கிறதாம், ஆனாலும் வரச் சொன்னார். பஞ்சு இருக்கிறது. துணி? புதுத் துணிதான், கஞ்சியோடு இருக்கிறது. அலசிக் காயவைக்க நேரமில்லை. அது கார்த்திகை மாதம், வானம் மூடிக்கிடந்தது. காடாத் துணி அலசிக் காய்ந்த துண்டு ஒன்றும் வீட்டில் மிச்சமில்லை.

மனைவி முற்றத்துக் கொடியைப் பார்த்தாள். என் வேட்டிகள் அங்கே ஆடிக்கொண்டிருந்தன.

“ஒங்க வேட்டி.”

“பழைய வேட்டியா? சீருக்கா?”

“வருஷக்கணக்கா அலசுன துணிங்க. இதுல என்ன கஞ்சி இருக்கு, என்ன சாயம் இருக்கு? பீரோவுக்குள்ள போனதே கெடையாது. தினம் கட்டுறதுக்கு எவ உருண்டை போடுவா?”

“ஒன் நாத்தனாரோட நாத்தனா சபையில சிரிச்சே கொன்னுருவா.”

“சிரிக்கட்டும். பொறந்தப்ப அந்தப் புள்ளைய மொதல்ல எதுல வாங்குனாக? பழைய சேலையிலதானே?”

அது உண்மை. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுபோனதும் பழைய சேலைத் துண்டுகள்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடுவதில்லை, உடுத்தி நைந்ததைத்தான் போடுவோம். கடை கடையாக ஏறி ஒவ்வொரு மெத்தையையும் ஒவ்வொரு துணியையும் மோந்து பார்த்த நான், என் இடுப்பில் இருந்ததை மட்டும் யோசிக்கவில்லை. கொடியிலிருந்து ஒன்றை உருவி முகத்தில் வைத்தேன். ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, கண் கலங்கியபடியே.

பஞ்சு கசியாமல் இருக்க இரட்டையாகத் தைக்க வேண்டும் என்று இரண்டு வேட்டிகளை மடித்து எடுத்துக்கொண்டோம். வண்டி அரிமளம் சாலையில் பறந்தது என்று எழுத ஆசைதான். நான் என்றுமே வேகமாக ஓட்டியதில்லை. அன்றும் ஓட்டவில்லை. ஆனால் ஹாரனை மட்டும் நிறைய அடித்தேன்.

மீசைக்காரர் வேட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்.

“நல்லவேளை சார், கட்டியிருக்கறதைக் கழட்டிக் குடுக்காம இதோட வந்தீங்க.”

“அதையும் குடுப்பாரு, கேளுங்க” என்றாள் மனைவி.

“கரையை வெட்டிரவா?”

“வெட்டிருங்க, சாயம்” என்றேன்.

“இந்தா, இங்கிட்டு இழை ஓட்டுன தையல் இருக்கே. கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி தைக்கவா?”

முள்வேலியில் மாட்டிக் கிழிந்த இடம். மனைவி ஒட்டுப் போட்டிருந்தாள். அளந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் திருப்பினால் அகலம் போதவில்லை. ஒட்டு மேலேதான் வரும், ஓரத்தில். சரி என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து, அவர் திணிக்கத் திணிக்கக் கையால் அழுத்திப் பார்த்தாள். “இங்கிட்டுக் குழி விழுது”, “இந்த மூலை பத்தாது” என்று அவரை விடவில்லை. “சாரே தேவலாம்” என்றார் அவர்.

பொழுது இருக்கும்போதே முடிந்தது. துவைத்த விரிப்பில் சுற்றி, எங்கள் இருவருக்கும் நடுவில் நிறுத்திக் கொண்டுவந்தோம். மழை வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நான் யோசிப்பதில்லை.

மறுநாள் ஆவுடையார்கோவிலில் தட்டுகள் இறங்கின. பழம், வளையல், சட்டை எல்லாம் வரிசையாக வந்தன. காற்றுள்ள அறை ஒன்றைத் தங்கை ஒதுக்கிவைத்திருந்தாள். சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை. தொட்டிலை மாட்டினேன். மெத்தையை வைத்து ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா முதல் ஆளாக எட்டிப் பார்த்தாள். என்னைக் கேலி செய்ய முறை உள்ளவள். அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்காதவள்.

“என்ன அத்தான், மெத்தைக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீக! அதுவும் ஒட்டுப் போட்ட வேட்டி! துண்டைக் காணோமே?”

அறை முழுக்கச் சிரிப்பு. “துண்டு தோள்ல கெடக்கு, வேணும்னா அதையும் விரிச்சுருவோம்” என்றேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை பிள்ளையைத் தோளில் போட்டபடியே குனிந்தாள். மெத்தையின் ஒரு மூலையை மோந்தாள். அடுத்த மூலை. நடுவில். அந்த ஒட்டுப் போட்ட இடம்.

“மதினி, புதுசு எங்க?” என்றாள். போனில் நான் அதைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தேன்.

“நான்தான் பட்டுச்சேலையோட வச்சு உருண்டை போட்டுட்டேன் ஆத்தா. நேத்து ஓடிப்போயி இதைத் தச்சோம். ஒனக்குப் பிடிக்கலைன்னா…”

“இதுல ஒண்ணுமே வாசமில்லையே மதினி” என்றாள் தங்கை. அப்படியே பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

பிள்ளை ஒருமுறை கையை விரித்து மூடினாள். நாங்கள் எல்லோரும் அவள் நெஞ்சைப் பார்த்தோம். ஏறியது, இறங்கியது. நான் காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூச்சு இழுக்கும்போது வருகிற அந்த விசில் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டேன். இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அக்காவும் குனிந்து காது கொடுத்தாள். சட்டென்று நிமிர்ந்தவள், “அய்யய்யோ, என் தலையில மல்லிப்பூ மணக்குது” என்று கிசுகிசுத்தாள். சரத்தைக் கூந்தலிலிருந்து உருவி, என்ன செய்வதென்று தெரியாமல் என் மனைவியின் கையில் திணித்தாள்.

“நீ வையி. வச்சுட்டு வெளிய நில்லு” என்றாள்.

என் மனைவி வாசல்படிக்கு வெளியே போய்ப் பூவை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே கழுத்தை நீட்டித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை மேலும் கீழும் அசைத்து, மூச்சு சீராக இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினேன்.