அக்காவின் சனிக்கிழமை சப்பாத்தி

போன வாரம் மளிகைக் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன் பொறுமையிழந்துவிட்டார்.

"இன்னா தம்பி, பரீட்சைக்குப் படிச்சிகினு கீறியா?"

பரீட்சைதான். எல்லாம் அக்காவுக்காக!

அக்கா வரதய்யபாளையம் பக்கம் செல்போன் ஃபேக்டரியில் லைன் லீடர். முப்பத்திரண்டு வயது. ஒரு வருஷமாக வயிற்று உப்புசம், பேதி, சோர்வு. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. லைனில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். 'இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா என்ன செய்தார்? அவளைப் பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருக்க வைத்தார். சோறு கிடையாது, சப்பாத்தி, கோதுமை ரவை உப்புமா. குணமாகவில்லை. புதனும் சேர்ந்தது. அப்புறம் வியாழன்... உடம்பு இளைக்க இளைக்க விரதம் வளர்ந்தது!

கடைசியில் திருப்பதி டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"எந்த நாள்ல ரொம்ப முடியலம்மா?"

"விரத நாள்லதான் சார்."

டாக்டரின் பேனா நின்றது. "அன்னிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

சொன்னாள். நான் அவசரக்குடுக்கை, "இன்னிக்கே கோதுமையை நிறுத்திடறோம் சார்" என்றேன். "டெஸ்ட் முடியறவரைக்கும் நிறுத்தாதீங்க. நிறுத்தினா நோய் ரிப்போர்ட்ல சிக்காது" என்று அதட்டினார்.

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி... சீலியாக் நோய்! கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன், இவளைப் போன்றவர்களின் சிறுகுடலைப் புண்ணாக்குமாம். தின்னும் சத்து உடம்பில் ஒட்டாதாம். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, முப்பதிலும் ஐம்பதிலும் தெரியவரலாம். வைத்தியம் ஒன்றுதான் — ஆயுசுக்கும் கோதுமைக்குக் கும்பிடு.

அம்மாவுக்குப் பயம். "பெருமாளுக்குக் குட்த்த வாக்கு இன்னாடி ஆவறது?"

"சோறு துன்னமாட்டேன்னுதானம்மா நேந்துகினோம். சப்பாத்தி துன்றேன்னு நேந்துகினமா? கேவுரு கூழு ஊத்து!"

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அப்பா, நைனா, சிரித்தேவிட்டார்.

பிரெட், பிஸ்கட், சேமியா எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. ஆனாலும் மூன்று மாதமாகியும் உப்புசம் முழுசாகப் போகவில்லை. ஏன்? அதைத் தேடித்தான் அந்த டப்பா ஆராய்ச்சி. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு! தினம் ரசத்தில் போட்டிருக்கிறோம்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ரத்தம் ஏறியிருக்கிறது. இந்த மாதம் ஒரு ஷிப்ட்கூட அக்கா விடவில்லை.

"பாத்தியா, பெருமாளுதான் கரீக்டான டாக்டரைக் காட்னாரு" என்றார் அம்மா.

இரண்டு பஸ் மாறி அழைத்துப் போனவன் நான். ஆனால் திருப்பதி ஜில்லாவில் இருந்துகொண்டு பெருமாளோடு பேருக்குப் போட்டி போட முடியுமா என்ன?