ஊற்றுமாதா கோயிலின் நடுவழி

ஏற்காடு என்றால் ஏரியும் படகும்தான் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. 1986 ஐப்பசியில் நானும் என் மனைவி வசந்தாவும் போய்வந்த இடம். எங்கள் பையனுக்கு அம்மை இறங்கினால் ஊற்றுமாதாவைப் பார்க்க வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். முருகனுக்கே ஏகப்பட்ட வேண்டுதல் பாக்கி இருக்கிறதே என்றேன். வழியெல்லாம் முறைத்துக்கொண்டு வந்தாள்.

சேலத்தில் காலை ஆறு மணி பஸ். ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், டிக்கெட் மூன்றரை ரூபாய். பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் சாப்பிட்ட இட்லி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து நாகலூர் பஸ். இடத்தைச் சொன்னதும் கண்டக்டர், "மாதா ஊத்துங்களா? எஸ்டேட் கேட்டுல எறக்கி உடறனுங்க. இந்த மழைக்குச் செருப்பு நிக்காதுங்க" என்றார். காப்பித் தோட்டத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறக்கம். செருப்பு நிற்கவில்லை.

ஓடு வேய்ந்த சின்னக் கோயில். வாசலுக்கு நேர் எதிரே, பீடத்தை ஒட்டி இன்னொரு கதவு. அதைத் தாண்டினால் பாறையிடுக்கில் ஊற்று. அதன் கதையைச் சொன்னவர் பிலோமினா அக்கா. எஸ்டேட்டில் வேலை, கோயிலைப் பெருக்கித் துடைப்பதும் அவர்தான்.

"புள்ளவலி கண்ட எஸ்டேட் பொம்பளைக்கு மாதா காட்டுன தண்ணிங்க இது. மலைக்காரங்க, அவுங்க சாமி சேர்வராயன் தடி ஊனுன எடம்பாங்க. எது நெசமுன்னு அந்தத் தண்ணியத்தான் கேக்கோணும்."

கோயில் கட்டியவர்கள், ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் மேலேயே அஸ்திவாரம் போட்டுவிட்டார்களாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வேறு சமதளம் இல்லை. தலைமுறைகளாக அங்கே நீர் எடுத்த மலை விவசாயிகள் குடத்தோடு வந்து மறித்தார்கள். சண்டை முற்றி, கடைசியில் பீடத்தருகே கதவு வைத்தார்கள். அன்றுமுதல் பாதை கோயிலுக்குள்ளேயே போகிறது. பூசை நடந்தாலும் குடம் வந்தால் வழிவிட வேண்டும்.

அடடா என்று கேட்டபடியே நான் உள்ளே கால் வைத்தேன்.

"ஐயோ, காலுங்க!"

புது மொசைக் தரை. அக்கா வருஷக்கணக்காக எல்லோரையும் நச்சரித்துப் போடவைத்தது. என் சேற்றுக்காலைப் பார்த்து அவர் போட்ட சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

எனக்குப் பின்னால் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் செல்லி, மேட்டில் ராகி விதைக்கும் மலைக்குடும்பம். தரையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். திரும்பி, பள்ளத்தோரம் சுற்றிக்கொண்டு போனார். அங்கே பாறையெல்லாம் பாசி.

அக்காவின் முகம் செத்துவிட்டது. கையிலிருந்த தரை துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு ஓடினார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"ஏம்புள்ள செல்லி, எங்க போற?"

"நொம்பப் பளபளன்னு இருக்குதக்கா. மிதிக்க மனசு வல்ல. சுத்தியே போயிக்கறேன்."

"இன்னிக்கு நீ சுத்துனா நாளைக்கு உங்க ஊரே சுத்தும். அப்பறம் அந்தக் கதவு எதுக்குன்னு பூட்டிருவாங்க. வழுக்கி எவளாச்சும் உழுந்தா மாதா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நீதான தொடைக்கோணும்?"

"அது என் பாடு. வா."

செல்லி அசையவில்லை. பிலோமினா அக்கா பாதையோரச் செம்மண் சேற்றில் இரண்டு காலையும் கணுக்கால்வரை இறக்கி எடுத்தார். செல்லியின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு வாசல்வழியே உள்ளே போய், நட்டநடுவே நடந்தார். அவர் ஆசை ஆசையாகப் போடவைத்த தரையில் அவர் காலடியே சிவப்பாக விழுந்துகொண்டு போனது. "உனக்குப் பைத்தியம்தானக்கா" என்று சிரித்துக்கொண்டே செல்லியும் உள்ளே போனார்.

பத்து மணிக்குப் பூசை. ஜனங்கள் தரையில் இரு ஓரமாக உட்கார்ந்தார்கள். பாதிப் பாட்டில் ஒரு பெரியவர் குடத்தோடு வந்தார். பாட்டு நிற்கவில்லை, நீட்டியிருந்த கால்கள் மட்டும் வழிவிட்டு மடங்கின. அக்காவின் சிவப்புத் தடங்கள் அப்படியே இருந்தன. அவர் துணியைத் தொடவேயில்லை. வசந்தா மாதாவைவிட அக்காவைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர்களுக்கு: பிடிமானமுள்ள செருப்பு அவசியம். அக்கம்பக்கம் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவையுங்கள். சில வருஷம் கழித்து மறுபடி போனபோது, மொசைக் ஓரங்களில் புதுசாகவும் நடுவில் மட்டும் மங்கியும் இருந்தது. அதனால் உள்ளே ஓரமாகவே உட்காருங்கள். நடுவில் குடம் வரும்.