கம்பெனி பன் கேட்டு நின்றவர்

எபனேசர் இறந்த செய்தி வந்தபோது நான் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். அழைத்தவர் அவருடைய மருமகன். "பெரியப்பா, மாமா போயிட்டாரு. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றார். வண்டி வந்தது. நான் ஏறவில்லை. திரும்பி நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்கு அடுத்த வீடுதான்.

அவருடைய மகள் பெனிட்டாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அந்தச் சம்மதத்தை இதற்கு முன்பே ஒருமுறை வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் பேசிவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எபனேசர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். நான் ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதியின் செய்தியாளன். தகவல் கேட்டு அவரிடம் போவேன். வேலை நேரத்தையும் சம்பளத்தையும் தவிர எதைக் கேட்டாலும் சொல்வார், சிரிப்பார். எங்களுக்குள் நெருக்கம் உண்டானது தொழிலால் அல்ல. அவருடைய மகள் சாப்பிட மாட்டாள் என்பதால்.

எங்கள் தெருவில் பெனிட்டாவின் சாப்பாடு ஊரறிந்த விஷயம். அவருடைய மனைவி கிரேஸ் தட்டோடு வெளியே வந்தால் குழந்தை எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறிவிடும்.

"இன்னாடி நோவு உனுக்கு? ஊட்டுக்கு ஊடு புள்ளைங்க துன்னுதுங்க. உனுக்கு மட்டும் தொண்டையில இன்னா அடைச்சிக்கினு கீது?" என்று கிரேஸ் கீழே நிற்பார். போலீஸ் வருவார், ஊசி போடுகிறவர் வருவார், காதறுப்பவன் வருவான் என்று மிரட்டுவார். யார் பேரைச் சொன்னாலும் குழந்தை வாய் திறக்காது. மூக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். மந்திரித்துப் பார்த்தார்கள். கலியாண வீட்டில் பிரியாணியைத் துப்பி வைத்தபோது, சொந்தக்காரர்கள் முன்னால் எபனேசர் தலை குனிந்து அந்தச் சோற்றைத் தன் இலைக்குத் தள்ளிச் சாப்பிட்டார்.

குழந்தை தானாக விரும்பித் தின்றது ஒன்றைத்தான். ஆலை கேண்டீனில் ஷிப்டு நடுவே தேநீரோடு ஒரு பன் கொடுப்பார்கள். அதைத் தின்னாமல் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது அங்கே வேலை பார்க்கும் அப்பாக்களின் வழக்கம். எபனேசர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்வார். எதுவும் சொல்ல மாட்டார். பெனிட்டாவே ஜிப்பைத் திறந்து, வியர்வைச் சட்டைக்கு அடியில் கைவிட்டு எடுப்பாள். பன்னைக் கடிக்கும் இடைவெளியில் அவர் ஒரு வாய் சோறு நீட்டுவார். அதுவும் உள்ளே போய்விடும். பன்னின் மேல்தோலை உரித்து அவர் கையில் கொடுப்பாள். அதை அவர் தின்பார்.

"உன் பொண்ணுக்கு மாமியார் ஊட்டுலயும் ஒரு கேண்டீன் வச்சிக் குடுத்துடு எபி" என்று எதிர்வீட்டு அம்மா கேலி செய்வார். "வச்சிக் குடுத்தா போச்சு. உனுக்கும் ஒரு பன்னு சொல்லிவிடறேங்கா" என்பார் எபனேசர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு ஆலையில் ஓர் உலையை நிறுத்தினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதலில் வெளியே போனார்கள். அதைப் பற்றிச் செய்தி எழுத ஒரு மாலை நான் ஆலை வாசலுக்குப் போனேன். ஒரு பக்கம் வேலை இழந்தவர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எபனேசர் அவர்களோடு இல்லை. கொஞ்சம் தள்ளி, ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் வழியில் பழைய பையோடு நின்றிருந்தார். வந்தவர்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

"போட்டோ கீட்டோ எடுத்துட்டியாண்ணா?"

இல்லை என்றேன்.

"பாப்பாவுக்கு வேலை போனது தெரியாது. காலையில பைய எடுத்துக்கினு கெளம்பிடறேன். கெடச்ச எடத்துல மூட்டை தூக்கறேன். புதுவாயல்ல பேக்கரி பன்னு வாங்கிக்கினு போய்ப் பாத்தேன். மோந்து பாத்துட்டு, 'இது கம்பெனி பன்னு இல்ல'ன்னு வச்சிட்டா." பையைத் திறந்து பன்னை உள்ளே வைத்தார். "கோவம் வந்துடுச்சிண்ணா. பட்டினியா கெடக்கறாளேன்னு வாயில திணிச்சிட்டேன். அப்பிடியே வாந்தி எடுத்துட்டா. இந்தக் கைய இன்னா பண்றதுன்னு தெரியல. அதான் இங்க வந்து கேக்கறேன்."

நானும் அவரும் ஒன்றாகவே பேருந்தில் வந்தோம். இறங்கும்போது, "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைக்கும்வரை அவர் அந்த வாசலில் நின்றார். ஒருநாள் ஒருவர் கொடுப்பார், மறுநாள் இன்னொருவர். சிலர் தராமலும் போனார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். வேலை கிடைத்த சமயத்தில் பெனிட்டாவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மெல்லச் சோறு தின்னப் பழகினாள். பன்னை மறந்தாள். வளர்ந்தாள், படித்தாள், கலியாணமாகி ஒரு மகனுக்குத் தாயானாள்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அவருக்கு நான் தரக்கூடிய பெரிய மரியாதை அந்த ஆலை வாசல் கதைதான் என்று நினைத்தேன். பெனிட்டா பெரியவளான பிறகு அவரே சொல்லியிருப்பார் என்றும் நினைத்தேன். கேட்டு உறுதி செய்யவில்லை. உறுதி செய்யாமல் ஒரு வரி எழுதாதே என்று எத்தனையோ இளைஞர்களுக்குச் சொன்னவன் நான்.

பேசத் தொடங்கியதும் கிரேஸ் தலையை லேசாக அசைத்தார். சொல்லுங்கள் என்கிறார் என எடுத்துக்கொண்டு, வேலை போனது, பேக்கரி பன்னைக் குழந்தை ஒதுக்கியது, வாசலில் நின்றது, பன் வாங்கியது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முடித்துவிட்டுப் பார்த்தபோதுதான், அவர் வேண்டாம் என்று தலையசைத்திருக்கிறார் என்பது புரிந்தது. பெனிட்டா மடியிலிருந்த மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டும் கழற்றியும் கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து தேநீரும் பன்னும் கொடுத்தார்கள். பன் கொண்டுவந்தவர் புதுவாயல் பேக்கரிக்காரர், வயதான பாய். என்னிடம் வந்து தயங்கினார்.

"சாரு, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கம்பெனி கேண்டீனுக்கு பன்னு போட்டது நம்ம கடைதான். எபி வாங்கிக்கினு போனதும் அதே பன்னுதான். அதே மாவு, அதே அடுப்பு. பொண்ணு கேட்டது பன்னு வாசனை இல்ல சாரு. அதுல ஏறியிருந்த இரும்பு வாசனை, சட்டை வாசனை. பழைய வேலைச் சட்டையில சுத்திக் குடுத்திருந்தா துன்னிருக்கும். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெனிட்டா பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் நின்றதை ஊர் முன்னால் சொன்னவன் நான். அப்படி நின்றிருக்கவே தேவையில்லை என்பதையும் என்னால்தான் அவள் கேட்க வேண்டியிருந்தது. குனிந்து செருப்பைத் தேடினேன்.

"பெரியப்பா" என்றாள். "அவரு என் வாயில திணிச்சது எனுக்கு ஞாபகம் கீது. அதுக்கப்புறம் ஒருநாளும் என் மேல கை வச்சதில்ல, திட்டினதில்ல. பன்னு எங்கேர்ந்து வந்துச்சின்னுதான் தெரியாம இருந்துது."

"நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"கூடாதுதான்" என்றாள். எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. பிறகு, "பேப்பர்ல எழுதுவீங்களா?" என்றாள்.

"நீ வேணாம்னா எழுதலை."

"எழுதுங்க. பாதி ஊருக்குத் தெரிஞ்சிப் போச்சு, இனிமே அரைகுறையா பேசுவாங்க. ஆனா கெஞ்சினாருன்னு எழுதாதீங்க. கேட்டாருன்னு எழுதுங்க."

ஜெபக்கூட்டத்தில் நான் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். இங்கே அதைத் திருத்தியிருக்கிறேன்.

அன்று நான் கிளம்பும்போது அவளுடைய மகன் பாலும் வேண்டாம், பன்னும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். "போன்ல எதனா பாட்டு போட்டுக் காட்டு, வாயத் தொறப்பான்" என்றார் ஒரு பெண். "ஒரு அதட்டு அதட்டு" என்றார் இன்னொருவர். பெனிட்டா இரண்டையும் செய்யவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையில் பன்னை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் அதைத் தொட்டான், மோந்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் அதன் மேல்தோலை உரித்து, தன் வாயில் போட்டு மென்றாள்.

போய் வாருங்கள், எபனேசர். நீங்கள் மறைத்ததை நான் காப்பாற்றவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த விதத்தை உங்கள் மகள் காப்பாற்றுவாள்.