மெத்தைக்கு உயரமும் உண்டு

முதுகு டாக்டர் என் மனைவியைத் தடித்த மெத்தையில் படுக்கச் சொன்னார். குனியக் கூடாது என்றார். சில வாரம் நன்றாகத் தூங்கிப் பார்க்கட்டும், வலி அடங்காவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார். இதற்கெல்லாம் நடுவில் பெட்ஷீட் என்று ஒன்று இருப்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மெத்தை வந்தது. ஏறிப் படுத்தால், திருவொற்றியூரில் இத்தனை வருஷம் இருந்தும் நாங்கள் படுத்தபடி பார்த்திராத கன்டெய்னர் யார்டு ஜன்னலில் தெரிந்தது. அவ்வளவு உயரம்.

பெட்ஷீட் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நீளத்தையும் அகலத்தையும் பிசகில்லாமல் அளந்தேன். உயரத்தை அளக்கவில்லை. நான் கோரைப்பாய் வம்சம். பாய்க்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. அதற்கு மேல் ஏதாவது இருக்கும் என்று எங்கள் பரம்பரையில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்தான். ஆனால் நாலாவது மூலையை மாட்டினால் முதல் மூலை கழன்றது. அவள் புரண்டு படுத்தால் எல்லாமே கழன்று, நடு முதுகுக்குக் கீழே முறுக்கிய கயிறு மாதிரி திரண்டு நின்றது. இந்த ஊர் வேர்வையில் மெத்தையின் வழவழப்புத் துணி உடம்போடு ஒட்டியது. குனிந்து செருக முடியாதவள், என்னை எழுப்பவும் மனசில்லாமல் விழித்துக்கிடந்தாள். பழைய பாட்டுகளில் கடற்கரைத் தலைவிகள் தூங்காமல் தவிப்பது தலைவன் பிரிந்துபோனதால். எங்கள் வீட்டில் தலைவன் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், பிரிந்தது பெட்ஷீட்தான்.

நிறத்திலும் சாதித்திருந்தேன். வெள்ளை. புகைபோக்கிகள் நிறைந்த எண்ணூர்ப் பக்கத்துக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்தால், சாயங்காலத்துக்குள் அது தானாகச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லோடு அடிக்கும் லாரி டிரைவர். கட்டிலைப் பார்த்தான்.

"இன்னா மாமா, லோடு பெருசு, தார்ப்பாய் சிறுசா கீது?"

"எலாஸ்டிக் போதும்னு நெனச்சேன்."

"எலாஸ்டிக்கை நம்பி வண்டி எடுக்க முடியுமா? இரு."

கீழே போய் லாரிக் கயிற்றோடு வந்தான். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மெத்தைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு விட்டு, பெட்ஷீட்டின் மூலைகளை இழுத்துக் கட்டினான். பெட்ஷீட் அசையவில்லை. மெத்தைதான் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு படகு மாதிரி ஆகிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, சிரித்தால் முதுகு வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல என்னை ஏத்தி எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க ரெண்டு பேரும்?"

பிறகு தம்பியைக் கேட்டாள்: "ஏன்டா, நீ தார்ப்பாய் வாங்கும்போது எப்படி அளப்பே?"

"லோடு மேல கயிறு போட்டுத்தான்க்கா. இந்தப் பக்கக் கொக்கிலேர்ந்து அந்தப் பக்கக் கொக்கி வரைக்கும்."

"அப்ப இதை ஏன் இப்படிக் கட்டினே?"

"மாமா இதைத்தானே வாங்கிகினு வந்துகீறாரு. நான் இன்னா பண்றது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கன்டெய்னர் யார்டைப் பார்த்தேன்.

கட்டை அவிழ்த்து, அதே கயிற்றால் அளந்தோம். மெத்தையின் அடியில் ஒரு சாண் உள்ளே தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, மேலே கடந்து, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி அடியில் ஒரு சாண். முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. நீளவாக்கில் இன்னொரு முடிச்சு. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்குப் போனேன்.

"இன்னா சார், கயித்தோட வந்துகீறீங்க, மாடு எங்க?" என்றார் கடைக்காரர்.

விஷயத்தைச் சொன்னேன். கயிற்றை மேஜைமேல் இழுத்துப் பார்த்தவர், "இது மெத்தையா மாடி வூடா?" என்றார். மூலைக்கு மட்டும் எலாஸ்டிக் வைத்ததை ஒதுக்கிவிட்டு, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்த ஆழமான ஒன்றை எடுத்தோம். பருத்தி முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் முடிச்சைத் தாண்டி நாலு விரல் கூடுதலாகப் பார்த்தோம். நிறத்தை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன்: சாம்பல். எண்ணூர் எப்படியும் செய்யப்போகிற வேலை.

அலசிக் காயவைத்து மாட்டினோம். நாலாவது மூலை உள்ளே போனபோது முதல் மூலை அதன் இடத்திலேயே இருந்தது. கை தட்டலாம் போலிருந்தது.

மறுநாள் காலை எனக்குக் காபி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நாலு மூலையும் அப்படியே இருக்க, அவள் வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காபி வராததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். நானே போட்டேன். வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, அதை முழுசாகக் குடித்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. என் காபியையே மன்னிக்கும் அளவுக்குத் தூங்கியிருக்கிறாள் என்று புரிந்தது.

அடுத்த முறை டாக்டர் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. மெத்தையைப் பாராட்டினார். நாங்கள் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மைத்துனனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா," என்றான். "என் கயிறு எங்க?"